சிசிடிவியில் என் முகத்தைப் பார்த்தேன்: மேலே இருப்பவருக்குத் தன்னைப் பற்றி யார் சொல்வது?

ஓவர்லாக் | திங்கள், இரவு 11.20

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தையல் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையுதவி ஆளாக, உள்ளே வந்தவன். டெய்லர், லைன் சூப்பர்வைசர் என்று ஏறி இந்த நாற்காலிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்குக் கீழே நான்கு லைன், நூற்றுச் சொச்சம் பேர். கீழிருந்து வந்தவன் என்பதால் கீழே இருப்பவர்களின் மனம் எனக்கு அத்துப்படி என்று போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் மீடியம் பீஸ்களுக்கு லார்ஜ் லேபிள் வைத்துத் தைத்துவிட்டார்கள். 1,840 பீஸ். பெட்டியில் அடுக்கிய பிறகு, ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய ஆள்தான் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அத்தனையையும் வெளியே எடுத்து, லேபிளை அறுத்து, மறுபடி தைத்து, அயர்ன் போட்டு, மடித்து... மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடியது.

விசாரித்தபோது செக்கிங் மேசைப் பெண் ஒருத்தி, "முதல் நாள் பதினோரு மணிக்கே தெரியும் சார். உங்களிடம் சொல்ல இரண்டு தடவை வந்தேன்" என்றாள். வரவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் சிசிடிவியைப் போடச் சொன்னேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் ஒலி கிடையாது. 11.07-க்கு அவள் கையில் இரண்டு பீஸோடு வருகிறாள். நான் போனில் இருக்கிறேன். அவள் பக்கம் திரும்பாமலேயே போக்குவரத்துக் காவலரைப் போல இடது கையை உயர்த்துகிறேன். அவள் நிற்கிறாள். பீஸை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். போய்விடுகிறாள். 11.31-க்கு மறுபடி வருகிறாள். இப்போது கையில் போன் இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன். அவ்வளவுதான், பார்க்க மட்டும்தான் செய்தேன். அவள் வாயைத் திறக்காமலே திரும்பிவிட்டாள். அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி நாலைந்து தடவை பார்த்தேன். அந்த முகத்தோடு யாராவது எதிரே உட்கார்ந்திருந்தால் நானும் திரும்பித்தான் போயிருப்பேன்.

"எதுவானாலும் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம்" என்று நான் கூட்டத்தில் சொல்லாத மாதமே கிடையாது. பொய்யாகவும் சொல்லவில்லை. கேமரா இல்லாத இடத்தில் ஒருவனுக்குத் தன் முகம் எப்படித் தெரியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். குறள் மட்டும் வேண்டாம். என் தலைக்கு மேலே ஒன்று மாட்டியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் அவளை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் மாடி | செவ்வாய், காலை 8.05

இதற்குப் பெயரே இருக்கிறது நண்பரே. ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் நான்கு கட்டம் போட்டு ஒரு சாளரம் வரைந்தார்கள். ஜோ, ஹாரி என்ற தங்கள் செல்லப்பெயர்களை ஒட்டவைத்து ஜோஹரி சாளரம் என்றார்கள். அதில் ஒரு கட்டம், பிறருக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாதது. நீங்கள் நிற்பது அங்கேதான்.

நான் மென்பொருள் துறையில் ஒரு குழுவுக்குத் தலைவர். தினமும் இரவு பத்து நிமிடம் டைரி எழுதுகிறேன், இன்று எங்கே சறுக்கினேன் என்று. வருடத்துக்கு ஒருமுறை பெயர் போடாத படிவத்தில் எல்லோரிடமும் கருத்து வாங்குகிறோம். நீங்களும் தொடங்கிப் பாருங்கள்.

பழைய இரும்பு | செவ்வாய், காலை 9.40

தம்பி மூன்றாம் மாடி, அவர் அன்று இரவு டைரி எழுதியிருந்தால் கையைத் தூக்கியது அதில் வந்திருக்குமா? அவருக்கே நினைவில்லை என்கிறார். நினைவில் நின்றதைத்தானே எழுத முடியும்?

கோயம்புத்தூரில் ஃபவுண்டரியில் 31 வருடம் இருந்தவன். உருகிய இரும்பு 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும்போது யார் மனம் புண்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேலே இருப்பவரிடம் கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். அந்தப் பெண் "சார், லேபிள் தப்பு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துத் திரும்பியது அவள் தவறு இல்லையா? எல்லாவற்றையும் நம் தலையில் போட்டுக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதான்.

இரவு ட்யூட்டி | செவ்வாய், பிற்பகல் 3.15

ஐயா சொல்லும் பயம் வேறு, இந்தப் பயம் வேறு என்று நினைக்கிறேன். இரும்புக்குப் பயப்பட வேண்டும். இரும்பு சிந்திவிட்டதைச் சொல்லப் பயப்படக் கூடாது.

நான் ஒரு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். எங்கள் வேலையில் லேபிள் மாறினால் பிரித்துத் தைக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் பயிற்சி முடித்து வந்த ஒரு பெண், ஒரு நோயாளிக்கு இரவு ஒரு மணிக்குத் தர வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிட்டாள். இரண்டு மணிக்கே கவனித்துவிட்டாள். என்னிடம் சொன்னது காலை ஏழு மணிக்கு. நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "போன மாதம் ஒருநாள் எழுப்பினேன் சிஸ்டர். நீங்கள் 'இதற்கா?' என்றீர்கள்" என்றாள். ஒரே ஒரு சொல். நான் சொன்னதாக எனக்கு இன்றும் நினைவில்லை. அவள் ஒரு மாதமாகச் சுமந்திருக்கிறாள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடக்கும் வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் பதிவான பிழைகள் அதிகம். பிறகுதான் புரிந்தது, அங்கே பிழை அதிகம் நடக்கவில்லை, வெளியே சொல்வது அதிகம் என்று. அதனால் என் வார்டில் ஒரு மாதம் பிழையே பதிவாகாவிட்டால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நான் செய்தது சின்ன விஷயம். யார் கெட்ட செய்தியோடு வந்தாலும் என் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொண்டேன்: "சரி, நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?" கோபம் வந்தாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். முகத்தை மாற்றுவது கடினம் அண்ணா, வாக்கியத்தை மாற்றலாம். வாக்கியம் மாறினால் முகமும் அதன் பின்னால் கொஞ்சம் நகர்கிறது.

ரன்வே | செவ்வாய், இரவு 10.50

செக்கிங் பெண் இரண்டு தடவை வந்தாள் என்பதைப் படித்ததும் எனக்கு டெனெரிஃப் நினைவுக்கு வந்தது. விமான விபத்துகளைப் படிப்பது என் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் லோஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களை எல்லாம் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். ஓடுபாதையில் பனிமூட்டம். ஒரு முனையில் கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் 747 விமானம் புறப்படக் காத்திருக்கிறது. அதே ஓடுபாதையில் எதிர்த்திசையிலிருந்து பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 747 ஊர்ந்து வருகிறது. கேஎல்எம் தலைமை விமானி சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர், விளம்பரத்தில் அவர் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே.

அவர் எஞ்சின் விசையைத் தள்ளத் தொடங்கினார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி தடுத்தார். தெரியும், கேள் என்றார் தலைமை விமானி. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, மேலே எழும்பிய பின் பறக்க வேண்டிய வழிக்கான அனுமதி வந்தது. புறப்படுவதற்கான அனுமதி இல்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டாவது தடவை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் இருந்த எஞ்சினியர், பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள்.

அவர் கத்தியதாகவோ திட்டியதாகவோ ஒலிப்பதிவில் எதுவும் இல்லை. அவர் பெயரே போதுமானதாக இருந்திருக்கிறது. 1979-இல் நாசா ஒரு பட்டறை நடத்தியது. இந்த விபத்தும் இதுபோன்ற வேறு சிலவும் அதற்குப் பின்னணி. விமானி அறையில் கீழே இருப்பவர் எப்படிச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பது பயிற்சிப் பாடமாகியது அங்கிருந்துதான். தலைமை விமானியைப் பார்த்து "உன்னை நீ அறிந்துகொள்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. அவருக்கு எதிரே பேசுவதை வேலையின் ஒரு பகுதியாக்கினார்கள்.

ஓவர்லாக் | புதன், காலை 6.30

ரன்வே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. முதல் தடவை தடுத்தவர் இரண்டாவது தடவை ஏன் தடுக்கவில்லை என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவரே, அவள் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் கை உயராமல் இருந்திருந்தால் 11.07-க்கே சொல்லியிருப்பாள்.

பவர் டேபிள் | புதன், இரவு 9.15

ஓவர்லாக் அண்ணா, நான் தைக்கிற பக்கம். பதினாறு வருடமாக பனியன் கம்பெனியில் டெய்லர், உங்கள் கம்பெனி இல்லை. இங்கே எல்லோரும் மேலே இருந்து பேசுகிறீர்கள், கீழே இருந்து ஒன்று சொல்கிறேன்.

உங்களுக்கு உங்கள் முகம் தெரியாது. எங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் சூப்பர்வைசர் வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைக்கு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று லைன் முழுக்கத் தெரிந்துவிடும். கைமடிப் பெண்கள் கண்ணாலேயே சொல்லிக்கொள்வார்கள். லீவு கேட்க வேண்டியவள் மறுநாளைக்குத் தள்ளிவைப்பாள். நாங்கள் உங்களைப் பற்றிப் பாடம் படித்திருக்கிறோம், நீங்கள்தான் படிக்கவில்லை.

இன்னொன்று. செக்கிங் பெண்ணுக்கு முன்னாலேயே லேபிள் வைத்த டெய்லருக்குத் தெரிந்திருக்கும். எந்த பண்டலுக்கு எந்த லேபிள் என்று கை வைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? போய்க் கேட்டுப் பாருங்கள். அவள் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்குக் கூலியில், இருந்தால் ஏன் சொல்லவில்லை என்று நான் இங்கிருந்தே சொல்வேன். லைன் நின்றால், நின்ற நேரத்துக்குக் காசு கிடையாது. சொன்னவள் மேல் லைன் முழுக்கக் கோபப்படும். எல்லாப் பழியும் உங்கள் முகத்துக்கு இல்லை அண்ணா, கொஞ்சம் கணக்குக்கும் உண்டு.

மனிதவளம் | வியாழன், காலை 11.00

சகோதரி சொன்னதோடு என் தொழில் ரகசியம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னூட்டம் வாங்கினால் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்று எங்கள் துறை வருடா வருடம் படிவம் அடிக்கிறது. க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் பின்னூட்டம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் பின்னூட்டத்துக்குப் பிறகு வேலை முன்பைவிட மோசமானது. பேச்சு வேலையை விட்டு விலகி ஆளைத் தொடத் தொடங்கினால் பயன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். "நான் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டால் கேட்பவருக்கும் நடுக்கம், சொல்பவருக்கும் நடுக்கம்.

ஆகவே கூட்டம் போட்டு "என் குறைகளைச் சொல்லுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

ஓவர்லாக் | வியாழன், பிற்பகல் 1.10

நேற்று மாலைதான் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "ஒன்றும் இல்லை சார்" என்றார்கள். ஒருத்தி மட்டும் குடிதண்ணீர் கேனை மாற்றச் சொன்னாள்.

பழைய இரும்பு | வியாழன், பிற்பகல் 1.45

சிரித்துவிட்டேன். ஓய்வுபெற்ற அன்று எனக்கும் மாலை போட்டு, தங்கமான மனிதர் என்று பேசினார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பழைய மோல்டர் ஒருவன் என்னைப் பார்த்தான். இப்போது நான் யாருக்கும் மேலதிகாரி இல்லையே, நிதானமாகச் சொன்னான்: "நீங்கள் கண்ணாடியைக் கழற்றினால் ஷெட்டே அமைதியாகிவிடும் சார்." கண்ணாடியைத் துடைக்கத்தானே கழற்றுவேன்? ஃபவுண்டரியில் அவ்வளவு தூசி. 31 வருடம் அவர்கள் அதை வேறு மாதிரி படித்திருக்கிறார்கள்.

பயம் வேண்டும் என்று நான் எழுதியதை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. பாதியைப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடி | வியாழன், இரவு 8.20

எங்கள் பெயர் போடாத படிவத்தைப் பற்றி என் குழுவில் ஒருவரிடம் தனியாகக் கேட்டேன். "ஏழு பேர் குழுவில் பெயர் போடாவிட்டால் என்ன, எழுத்து நடையிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களே" என்றார். அதனால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்களாம். போன வருடம் எனக்கு ஐந்துக்கு 4.6. அதை நான் பிரேம் போடாத குறை.

ஓவர்லாக் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

பவர் டேபிள் அக்கா சொன்னது உண்மை. லேபிள் வைத்த டெய்லருக்குப் பத்து மணிக்கே சந்தேகம். பீஸ் ரேட்தான். பக்கத்து மெஷினில் சொல்லியிருக்கிறாள். "பேசாமல் தை, செக்கிங்கில் பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில். நான் இரண்டு தடவை செக்கிங் பெண்ணிடம் கத்தினேன், இவள் இருக்கும் பக்கமே போகவில்லை.

இரவு ட்யூட்டி சிஸ்டரின் முறையை எடுத்துக்கொண்டேன். எனக்கான வாக்கியம்: "எத்தனை பீஸ் ஆகியிருக்கிறது?" முதல் வாரம் அதையே போலீஸ் விசாரணை மாதிரி கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு கைமடிப் பெண் "நான் செய்யவில்லை சார்" என்று அழுதுவிட்டாள். இப்போது "காட்டு, பார்க்கலாம்" என்று மாற்றிக்கொண்டேன். இதில் ஒரு வசதி, பீஸை வாங்க நான் கையை நீட்டியாக வேண்டும். நீட்டிய கையை உயர்த்த முடியாது.

ரன்வே சொன்னதை வைத்து இன்னொன்று செய்தேன். ஒவ்வொரு லைனிலும் முதல் பத்து பீஸ் வந்ததும் செக்கிங்கில் இருந்து ஒருவர் என்னிடம் கொண்டுவந்தே ஆக வேண்டும், சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும். சொல்லலாமா வேண்டாமா என்று அவர்கள் என் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை, வருவதே வேலை. முதல் இரண்டு நாள் பீஸை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். மூன்றாவது வாரம், அதே பெண், அதே போன் நேரம். இடது கை தானாகக் கிளம்பியது. தோளில் அந்த அசைவு எனக்கே தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். போனில் இருந்தவரிடம் ஒரு நிமிடம் என்றேன். காலர் ரிப் ஒரு பண்டலில் நிறம் லேசாக மாறியிருக்கிறது என்றாள். நாற்பது பீஸோடு நின்றது.

சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நாள். மாலையில் அளவு மாறியதற்காகக் கட்டிங் மாஸ்டரைப் பத்துப் பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவருக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், தனியாக. அவர் "பரவாயில்லை" என்றார், ஆனால் டீ குடிக்க வரவில்லை.

இரவு ட்யூட்டி | ஞாயிறு, இரவு 7.10

திட்டியது பத்துப் பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் தனியாகவா அண்ணா?

ஓவர்லாக் | ஞாயிறு, இரவு 7.25

அது எனக்குத் தோன்றவே இல்லை சிஸ்டர்.

பவர் டேபிள் | ஞாயிறு, இரவு 9.40

நிறம் மாறிய அன்று லைன் எவ்வளவு நேரம் நின்றது? அந்த நேரத்துக்கு டெய்லர்களுக்குக் காசு போட்டீர்களா?

ஓவர்லாக் | ஞாயிறு, இரவு 10.05

ஐம்பது நிமிடம். போடவில்லை. நாளை காலை முதலாளி பத்து மணிக்கு வருவார், கேட்கிறேன். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.